யுரேனியத்தோடு சேர்ந்திருந்தது

யுரேனியத்தோடு வேலை பார்க்கிறேன் என்பதை வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல்தான் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டினேன். உலோகத்தைக் குளிரவைத்து, அதில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிற வேலை என்று வெளிநாட்டிலிருந்து கடிதத்தில் எழுதியிருந்தேன். அது பொய்யில்லை. தென்காசியில் எங்கள் வீட்டுக்கு அது போதுமாகவும் இருந்தது. அப்பா இறந்த பிறகு அண்ணன்தான் பாத்திரக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உலோகம் என்றால் அவனுக்குப் பித்தளை, செம்பு, எவர்சில்வர். தங்கச்சியும் ஏதோ அந்த வகையில்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

எழுபதுகளில் தினமும் பஸ்ஸில் குற்றாலத்துக்குப் போய் பி.எஸ்ஸி. படித்தேன். சீசனில் பஸ் முழுக்க எண்ணெயும் சீயக்காயும் மணக்கும். ஈரத்துணியோடு ஏறுகிறவர்களுக்கு நடுவே புத்தகத்தை மாரோடு அணைத்துக்கொண்டு நிற்போம். இயற்பியல் பாடப்புத்தகத்தில் மீக்கடத்திகளுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். சில உலோகங்களைக் கடுமையாகக் குளிரவைத்தால் மின்தடை அடியோடு இல்லாமல் போய்விடும். அதில் காந்தத்தன்மை உள்ள அணுக்களைத் துளி கலந்தாலும் அந்தக் குணம் செத்துவிடும். இரண்டும் ஓரிடத்தில் இருக்காது. பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி. அப்படியே எழுதி ஐந்தும் வாங்கினேன்.

எண்பதுகளின் நடுவில், ஆராய்ச்சிப் பட்டம் முடித்து வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் சேர்ந்தபோது, அந்த ஐந்து மார்க் விடைதான் முதலில் உடைந்தது. அங்கே யுரேனியமும் பெரிலியமும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருளை அளந்துகொண்டிருந்தார்கள். அதிலுள்ள யுரேனிய அணு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். அவற்றின் நடுவே ஓடும் எலெக்ட்ரான்கள், குளிர் ஏற ஏற, தங்கள் எடையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு கனத்துவிட்டவை மாதிரி நகர்ந்தன, வயல் சேற்றில் இறங்கி நடக்கிறவர்களைப்போல. அப்படிப்பட்ட பொருள் மீக்கடத்தியாக ஆகவே கூடாது. ஆனால் ஆகிறது என்று கட்டுரைகள் வந்திருந்தன. நானும் படித்திருந்தேன். படிப்பது வேறு.

திரவ ஹீலியத்தில் இறங்கியிருக்கும் குழாயின் அடியில், ஒரு கம்பிச்சுருளுக்குள் அந்தப் பொருளின் சின்னத் துண்டை வைத்து, காந்தப்புலத்துக்கு அது எவ்வளவு மசிகிறது என்று பார்ப்போம். வரைகருவியின் பேனா காகிதத்தில் மெல்ல மேலேறிக்கொண்டே போகும். காந்தக்குணம் கூடுகிறது என்று அர்த்தம். வெப்பநிலை ஒரு கெல்வினுக்கும் கீழே, குளிரின் கடைசி எல்லைக்கு அருகே, இறங்கியபோது பேனா ஒரு கணம் தயங்கியது. பிறகு, பிடித்திருந்த கை விட்டுவிட்டது போலக் கீழே விழுந்தது. நான் கருவி கெட்டுவிட்டது என்று எழுந்துபோய் ஒயர்களைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக்கினோம், பேனா ஏறியது. குளிரவைத்தோம், விழுந்தது. அந்தத் துண்டு மீக்கடத்தியாகிக் காந்தப்புலத்தை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. துண்டுகளை உருக்கித் தருகிற வெள்ளைக்காரர் ஒருவர் என் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மை என்று எழுதி மார்க் வாங்கிய ஒன்று கண்ணெதிரே இல்லாமல் போவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அவர் உருக்கித் தருவது மிளகு அளவுக்கு ஒரு உருண்டையாக இருக்கும். அதற்கு நாலு பக்கம் தட்டையாக வேண்டும், அப்போதுதான் முடியைப்போன்ற ஒயர்களை ஒட்ட முடியும். உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துச் சின்னக் கட்டியாக்குவது என் வேலை. சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி பொடி விழும். வாயால் ஊதிவிட்டுத் தேய்ப்பேன். முடிந்ததும் கதிரியக்கம் காட்டும் கருவியைக் கைமேலும் மேஜைமேலும் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. கருவி சத்தம்போட்டால் மறுபடி கை கழுவ வேண்டும். நான் ஒருநாளும் அதைத் தவறவிட்டதில்லை.

மூன்றாம் வருஷக் குளிர்காலத்தில் இருமல் வந்தது. வறட்டு இருமல். அந்த ஊரில் குளிர்காலத்தில் எல்லோரும்தான் இருமினார்கள். பனி உருகிய பிறகும் என் இருமல் போகவில்லை. மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்க வேண்டியிருந்தது. நம் ஊர் வெயிலில் சரியாகிவிடும் என்று நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

தென்காசி ஸ்டேஷனில் இறங்கியபோது அம்மா என்னைத் தாண்டி அடுத்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்று தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினாள். பெற்றவளுக்கு என்னைத் தெரியவில்லை. எலும்பு தெரியும் என் புறங்கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னட்டி இது" என்று மட்டும் கேட்டாள். வீடு போய்ச் சேரும்வரை அந்தக் கையை விடவில்லை.

டாக்டர் எக்ஸ்ரே படத்தைச் சன்னலுக்கு நேராகப் பிடித்தார். நெஞ்சின் இரண்டு பக்கமும் ரவையைத் தூவிவிட்டது போல வெள்ளைப் புள்ளிகள். சந்தேகமே இல்லை, டி.பி. என்றார். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு டி.பி. என்றால் தெருவில் எப்படிச் சொல்வது? ஈஸ்னோபீலியா இருமல் என்று சொல்லிவைத்தார்கள். ஊசி போடுகிற கம்பவுண்டர் பின்வாசல் வழியாக வந்துபோனார். என் தம்ளர் தனியாக வைக்கப்பட்டது. எனக்கு வருத்தமில்லை. வியாதிக்குப் பெயர் கிடைத்துவிட்டது, மருந்து இருக்கிறது, குணமாகிவிடும் என்று நம்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் யுரேனியம் வெளியே வந்தது. அண்ணனின் நண்பர், பேங்கில் ஆபீசர், என்னைப் பார்க்க வந்தவர் எந்த உலோகம் என்று நேராகவே கேட்டார். சொல்லிவிட்டேன். அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிப்போனார். அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள்.

"அணுகுண்டுல போடுதது தானட்டி அது?"

அம்மாவுக்கும் அண்ணனுக்கும் மதினிக்கும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். குண்டுக்கு ஆகிற பகுதியைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற யுரேனியம்தான் நாங்கள் எடுத்துக்கொள்வது. அதிலிருந்து வரும் கதிரை ஒரு காகிதமே தடுத்துவிடும். நாங்கள் வைத்திருந்தது ஒரு மிளகளவு. போதாததற்குக் கருவி வேறு. டி.பி. என்பது கிருமியால் வருவது, யுரேனியத்தால் இல்லை. அம்மா அழுதாள், நான் விடவில்லை. காகிதத்தில் படம் வரைந்துகூடக் காட்டினேன். கடைசியில் அண்ணன், படித்தவள் சொல்கிறாள், விடுங்கள் அம்மா என்று முடித்துவைத்தான். நான் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மாதங்கள் போயின. ஊசி குத்திக் குத்தி இடுப்பு கல்லாய் இறுகியது. மாத்திரையால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. எடை மட்டும் ஏறவில்லை. கூடத்திலிருந்து கிணற்றடிக்கு நடந்தால் உட்கார வேண்டும். சளியைப் பரிசோதித்தபோதெல்லாம் கிருமி இல்லை என்றே வந்தது. சில பேருக்கு அப்படித்தான் என்றார் டாக்டர்.

ஆனியில் சாரல் பிடித்ததும், குற்றாலத்துத் தண்ணி நாலு நாள் தலையில் விழுந்தால் எல்லாம் சரியாகும் என்று அண்ணன் ஆரம்பித்தான். அம்மா கூடாது என்றாள். எனக்கே ஆசையாக இருந்ததால் அவன் பக்கம் பேசினேன். கூட்டம் சேருவதற்கு முன்னால் காலையிலேயே பேரருவிக்குப் போனோம். பெண்கள் பக்கத்தில் மதினி ஒரு கையையும் அம்மா ஒரு கையையும் பிடித்துக்கொள்ள, ஓரமாகத் தலையைக் கொடுத்தேன். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை நின்ற இடம். தண்ணீர் தோளில் அறைந்தது. மூச்சை இழுத்தேன், வரவில்லை. மறுபடி இழுத்தேன். நெஞ்சு விரியவே இல்லை, யாரோ இறுக்கிக் கட்டிவிட்டது போல இருந்தது. அம்மாவின் வாய் அசைவது தெரிந்தது, அருவிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. முழங்கால் பாறையில் இடித்தது. முன்பின் தெரியாத பெண்கள் என் புடவையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்கள். உதடு நீலம் பாரித்துவிட்டது என்று பிறகு மதினி சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், சீசனுக்கு மட்டும் திறந்திருக்கும் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிப்போனார்கள். பாறையில் வழுக்கி விழுந்தவர்களுக்குக் கட்டுப்போடுகிற இடம். டாக்டரம்மா தென்காசிக்காரர்தான், கிறிஸ்தவக் குடும்பம், நாற்பது வயதிருக்கும். ஆக்சிஜன் வைத்து, நான் பேசுகிற நிலைக்கு வந்ததும், இதுவரை எடுத்த படங்களையும் பரிசோதனை முடிவுகளையும் கொண்டுவரச் சொன்னார். அண்ணன் காரில் போய் எடுத்துவந்தான். அவர் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி வரிசையாகப் பார்த்தார். காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். இல்லை. சளியில் ஒரு தடவையாவது கிருமி? இல்லை. கையில் டி.பி. ஊசி போட்டுப் பார்த்தார்களே, தடித்ததா? இல்லை. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா யுரேனியம் என்றாள். வழக்கம்போல என் விளக்கத்தைத் தொடங்கினேன். காகிதம், மிளகு, கருவி. மூச்சு வாங்க வாங்கச் சொல்லி முடித்தேன். டாக்டரம்மா குறுக்கிடாமல் கேட்டார்.

"சரி, யுரேனியம் இல்லன்னே வச்சுக்கிடுவோம். அதுகூட வேற என்ன சேத்திருந்தீங்க?"

"பெரிலியம்."

"எவ்வளவு?"

"ஒரு யுரேனிய அணுவுக்குப் பதிமூணு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க அதைத் தேய்ச்சீங்களா? பொடி வருமா?"

வரும் என்றேன்.

அவர் எழுந்து அறைக்குள்ளேயே கொஞ்சம் நடந்தார். பிறகு உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். ஒருகாலத்தில் மேல்நாடுகளில் டியூப்லைட்டின் உள்ளே பூசுகிற பொடியில் பெரிலியம் சேர்த்திருந்தார்களாம். அந்தத் தொழிற்சாலைகளில் வேலைபார்த்த பெண்களுக்கு இதே மாதிரி இருமல், இதே மாதிரி எடை குறைவு, இதே மாதிரி படம். டி.பி. என்றே வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். மருத்துவக் கல்லூரியில் அவருடைய பேராசிரியர் ஒரு வகுப்பில் சொன்னது, அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் தான் ஒரு கேஸ்கூடப் பார்த்ததில்லை என்றார். "தப்பாவும் இருக்கலாம். மெட்ராஸ் போயி நுரையீரல்ல துளி சதை எடுத்துப் பாக்கணும். ஆனா டி.பி.ன்னு எனக்குத் தோணல."

வெளியே அருவிக்குப் போகிறவர்களின் பேச்சு தூரத்தில் எங்கோ கேட்பது போல இருந்தது. பெரிலியத்தின் அணு எடை எனக்குத் தெரியும், உருகுநிலை தெரியும். அது நஞ்சு என்றும்கூடப் படித்திருந்தேன். உருக்கும்போது எழுகிற புகைதான் ஆபத்து என்று மனதில் பதிந்திருந்தது. உருக்குகிறவர் அதை மூடிய பெட்டிக்குள்தான் உருக்கினார். கட்டியாகி என் மேஜைக்கு வந்த பிறகு அந்தப் பொருளுக்கு எங்கள் பேச்சில் ஒரே பெயர்தான், யுரேனியம். கருவியும் யுரேனியத்துக்குத்தான் சத்தம்போடும். பெரிலியத்தை அதற்குத் தெரியாது. நான் நாள்தோறும் ஊதித் தள்ளிய அந்தச் சாம்பல் பொடி கண்முன் வந்தது. கருவி பேசாமல் இருந்தது, நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

அம்மா யுரேனியம் இல்லையாமே என்று அண்ணனைப் பார்த்தாள். அது அவளுக்கு நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியாமல் அப்படியே நின்றாள்.

டாக்டரம்மா சீட்டு எழுதிக்கொண்டே கேட்டார். "இப்ப அந்த வேலைய அங்கன யாரு பாக்கா?"

நான் கிளம்புகிற வாரத்தில் சேர்ந்த ஒரு மாணவி. இருபத்திரண்டு வயதிருக்கும். என் நாற்காலியில் உட்காரவைத்து, உப்புத்தாளை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று காட்டிவிட்டு வந்திருந்தேன். அருவியில் மூச்சு நின்றபோதுகூட நான் அப்படிப் பதறவில்லை. உடனே போன் வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னேன். வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு நாளைக்குப் பேசலாம் என்றான். நான் கட்டிலிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடினேன்.

போன் கடையில் இருந்தது. ஈரம் காயாத தலையோடு கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெளிநாட்டு அழைப்புக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தேன். கல்யாணச் சீர் வாங்க வந்த கூட்டம் ஒன்று குடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் தரையில் உட்கார்ந்து உளியால் தாம்பாளத்தில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழித்து மணி அடித்தது. அண்ணன் கையைக் காட்ட, உளிச் சத்தம் நின்றது.

எடுத்தவர் அந்த வெள்ளைக்காரர்தான். அவர் நலம் விசாரிப்பதற்குள் நான் கத்தினேன். தேய்ப்பதை நிறுத்துங்கள், அந்தப் பெண்ணை மேஜையைவிட்டு எழுப்புங்கள், பெரிலியம், பெரிலியம். கடையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர், தான் ஐந்து வருஷமாக அதே பொருளோடு இருப்பதாகவும் ஒரு தும்மல்கூட இல்லை என்றும் சொன்னார். அவர் வாதாடவில்லை. அவள் இப்போது அந்த மேஜையில்தான் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, ரிசீவரைக் கீழே வைக்காமலே ஓடினார். அவர் காலடிச் சத்தம் தேய்ந்து மறைவது எனக்குத் தென்காசியில் கேட்டது.

மெட்ராஸில் சதை எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா சொன்னதுதான் சரி. டி.பி. மருந்தை நிறுத்திவிட்டு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். சில வாரத்தில் ஒரு மூச்சில் கிணற்றடிவரை போய்வந்தேன். முகம் பூரி மாதிரி வட்டமாக உப்பியது. சதை பிடித்துவிட்டது என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், அது மருந்தின் வேலை என்று நான் சொல்லவில்லை. பெரிலியம் பூமியில் எங்கே கிடைக்கிறது என்று மதினி ஒருநாள் கேட்டாள். மரகதத்திலேயே இருக்கிறது என்றேன். அவள் முகம் மாறியது. மறுநாள் காதில் பச்சைக்கல் தோட்டைக் காணோம், கழற்றி டப்பாவில் போட்டிருந்தாள். கல்லுக்குள் இருக்கும்வரை அது ஒன்றும் செய்யாது என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மைதான். ஆனாலும் சட்டென்று சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் யோசித்து, இரண்டு புத்தகம் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

கடைக்கு அந்த வெள்ளைக்காரருடைய போன் வந்தது ஆவணியில். அங்கே எல்லோருக்கும் ரத்தத்தில் பெரிலியத்துக்கான சோதனை செய்திருந்தார்கள். ஐந்து வருஷம் உருக்கிய அவருக்கு ஒன்றுமில்லை. அறையைக் கூட்டித் துடைக்கிறவருக்கு ஒன்றுமில்லை. சில மாதமே தேய்த்த அந்த மாணவியின் ரத்தம் மட்டும் பெரிலியத்தை எதிரி என்று அடையாளம் கண்டுகொண்டது. நுரையீரலில் இன்னும் புள்ளி விழவில்லை. விழலாம், விழாமலும் போகலாம், டாக்டர்களுக்கே தெரியவில்லை என்றார். ஒரே பொடி, ஒரே காற்று. உடம்புதான் ஆளுக்கு ஆள் வேறு. ரிசீவரை வைத்தேன்.

"யாருக்கும்மா என்ன?" என்றான் அண்ணன்.

சொன்னேன். அவனுக்கு அந்தப் பெண்ணைத் தெரியாது, அவள் ஊர் பெயரைக்கூடச் சொல்ல வராது. கல்லாவை மூடிவிட்டு, அந்தப் பிள்ளைக்கு ஆத்தா அப்பன் இருக்காகளா என்று கேட்டான்.

அடுத்த வருஷம் நான் திரும்பிப் போனேன். அம்மா தடுப்பாள் என்று எதிர்பார்த்தேன், தடுக்கவில்லை. நுரையீரலில் விழுந்த தழும்பு போகாது, பாதி மாத்திரை ஆயுளுக்கும் உண்டு. தேய்க்கிற மேஜையை எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் கண்ணாடியால் மூடிய பெட்டி ஒன்று நின்றது. நான் யுரேனியமும் பிளாட்டினமும் சேர்ந்த வேறொரு பொருளை அளக்க ஆரம்பித்தேன். அதிலும் காந்தக்குணமும் மீக்கடத்தலும் சண்டை போடாமல் ஓரிடத்தில் இருந்தன. ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

அந்த மாணவி கணக்கீட்டு வேலைக்கு மாறியிருந்தாள். நான் போன அன்றே என் அறைக் கதவைத் தட்டினாள். மன்னிப்பு, நன்றி என்று ஏதாவது பேச வேண்டியிருக்கும் என்று நான் தயங்கினேன். அவள் அதற்கு வரவில்லை. உட்கார்ந்ததும், அது எப்படித் தொடங்கும், முதலில் என்ன தெரியும் என்று கேட்டாள். நான் எதையும் மறைக்கவில்லை. வறட்டு இருமல், மாடிப்படியின் நடுவில் நிற்பது, உடை தளர்வது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் நெஞ்சில் கையை வைத்தபடி, ஆழமாக மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டே நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.